கருப்பட்டி கணக்கில் வரவில்லை

என் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. ஒன்பது ராத்தல், நாலு கிலோவுக்கு மேல் எடை இருந்தது. பம்பாய் தாராவியில் எங்கள் வீட்டு வரிசைப் பெண்கள் எல்லோரும் கண்ணேறு என்றார்கள். இரண்டாவது தடவை ஆறாம் மாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, டாக்டரம்மா சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு, கண்ணேறும் இல்லை ஒன்றும் இல்லை, கர்ப்பத்தில் வருகிற சர்க்கரை வியாதி என்றார். அடக்கி வைக்காவிட்டால் இந்தப் பிள்ளையும் தங்காது என்றார். அப்போது எனக்கு இந்தி அரைகுறை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் முழுசாகப் புரிந்து தொலைத்தது.

சீனி, மிட்டாய் அறவே கூடாது, சோற்றைக் குறைத்துச் சப்பாத்தி சாப்பிடு என்றார். ரேஷனில் அரிசி வந்தால்தானே குறைக்க என்று முனகிக்கொண்டேன். ஆனாலும் சொன்னபடி செய்தேன். வீட்டிலிருந்த சீனியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். வளைகாப்பு வீட்டில் லட்டைத் தொடாமல் திரும்பினேன். வாரம் இரண்டு தடவை பழைய மருந்துப் புட்டியில் சிறுநீரைப் பிடித்து, துணிப்பைக்குள் மறைத்து, பஸ் நெரிசலில் வயிற்றையும் பையையும் காப்பாற்றிக்கொண்டு போவேன். மலையாளத்து நர்ஸ் ஒருத்தி கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் சில சொட்டு விட்டுக் காய்ச்சுவாள். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். எனக்கு ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறம்.

திருட்டுத்தனமாக மிட்டாய் தின்கிறாயா என்று டாக்டரம்மா கேட்டார். பெஞ்சியிலிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தின்றுவிட்டுத் திட்டு வாங்கினாலாவது நாக்குக்கு ஒரு லாபம் இருக்கும். தோல் பட்டறையிலிருந்து வந்த கணவரிடம் சொல்லி அழுதேன். நெசமாவே ஒண்ணும் திங்கலியா என்று அவரும் கேட்டார். அன்றைக்கு அவருக்கு நான் சாப்பாடு போடவில்லை.

சப்பாத்தியை இரண்டிலிருந்து ஒன்றாக்கினேன். கண் இருட்டியதுதான் மிச்சம், குழாயில் அதே செங்கல். இப்படி ஆறு வாரம். ஒரு நாள் வரிசையில் நிற்கும்போதே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அந்த நர்ஸ்தான் பக்கத்தில் வந்து, காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கருப்பட்டிக் காப்பி என்றேன். எத்தனை தடவை? மூன்று. அப்புறம்? சாயங்காலம் இடுப்புப் பலத்துக்கு மாமியார் கிண்டித் தரும் உளுந்தங்களி. அதில் இனிப்புக்கு என்ன? கருப்பட்டி. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அதுவும் சர்க்கரைதான், நிறம்தான் வேறு என்றாள்.

எங்களுக்குச் சீனி என்றால் கடையில் நிறுத்துத் தரும் வெள்ளைச் சீனி. கருப்பட்டி ஊரிலிருந்து ஓலைக் கொட்டானில் வருவது, சளிக்கும் சூட்டுக்கும் மருந்து. மருந்தை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? டாக்டரம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. ஆறு வாரமும் என் கையாலேயே கெடுத்திருக்கிறேன் என்று நினைத்தபோது என்னையே அறையலாம் போலிருந்தது.

மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. "கருப்பட்டி பனையில இருந்து வாரது, தாயி. அது என்ன செய்யும்? சூலி ஆசைப்பட்டதக் கொடுக்கலன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்."

"காதுல சீழ் வடியதுக்கு மொதல்ல பிள்ள உசுரோட வரணும்லா அத்தை."

மறுநாளிலிருந்து அவர் களி கிண்டவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை.

செங்கல் நிறம் மஞ்சளானது, பிறகு பச்சையானது. நீலம் மட்டும் வரவே இல்லை. கடைசி மாதம் ஆஸ்பத்திரியிலேயே படுக்கவைத்து, தினமும் இரண்டு வேளை தொடையில் இன்சுலின் ஊசி போட்டார்கள். நாள் நிறையும் முன்பே பிரசவமாக்கினார்கள். பையன். பிறந்ததும் அழுதான். நானும் அழுதேன்.

இரண்டு மணி நேரம் கழித்து அவன் துவண்டு போனான். விரல்கள் நடுங்கின. அதே நர்ஸ் ஓடிவந்து, பாலாடைச் சங்கில் எதையோ கரைத்து அவன் வாயருகே கொண்டுபோனாள். என்ன அது என்று கேட்டேன். குளுக்கோஸ், சர்க்கரைத் தண்ணீர் என்றாள். அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். வயிற்றில் என் சர்க்கரையிலேயே வளர்ந்து பழகியவனுக்குத் தொப்புள்கொடி அறுந்ததும் அது திடீரென்று குறைந்துவிட்டது, இப்போது கொடுக்காவிட்டால் வலிப்பு வரும் என்றாள். எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை மாதம் வாயைக் கட்டி, பசியில் மயங்கி, எல்லோரிடமும் திருடிப் பட்டம் வாங்கியது இதற்குத்தானா?

அவன் உதடு வெளுத்திருந்தது. கையை விட்டேன். நாலைந்து சொட்டு இறங்கியது. சப்புக்கொட்டினான். கொஞ்ச நேரத்தில் விரல் நடுக்கம் குறைந்தது.

"இன்னுங் கொஞ்சம் குடுங்க சிஸ்டர்" என்றேன்.