சின்ன ஆபரேஷன்தானே

வேலூர் கண் ஆஸ்பத்திரியில் என் அம்மாவுக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெண், ஆம்பூர் ஷூ கம்பெனியில் தைப்பவர். ஒல்லியான உடம்பு, உரத்த குரல். அடிக்கடி வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் ஜன்னலைத் தேடுவார். உள்ளே நீர் வடியும் வழி அடைபட்டு, அழுத்தம் ஏறி, இடது கண் பார்வை போயிருந்தது. வலது கண்ணை, நீர் வடியச் சிறு துளை போடும் ஆபரேஷனில் காப்பாற்றியிருந்தார்கள்.

அவரைப் பார்க்க வந்த கம்பெனி சூப்பர்வைசர், “சின்ன ஆபரேஷன்தானேம்மா, சீக்கிரம் வேலைக்கு வந்துடு” என்றார்.

“கண்ணு செவந்து வாந்தி எடுத்தேனே, அப்போ இன்னா சார் குடுத்தே? தலைவலி மாத்திரை! இந்தச் சின்ன ஆபரேஷனை அப்பவே பண்ணியிருந்தா ரெண்டு கண்ணும் இருந்திருக்கும்!”

சூப்பர்வைசர் நழுவினார்.

டிஸ்சார்ஜ் ஆனபோது இவர் என்னிடம், “கம்பெனிக்குப் போறேன். அங்க இன்னொருத்திக்கும் இப்படித்தான் வலி” என்றார்.

மறுநாள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டர் அறை வாசலில் நின்றார். கோபம் கொஞ்சமும் தணிந்திருக்கவில்லை.