வழமைப் பிரிவில் ஒருவர்

நோயாளிகள் வீட்டிலிருந்தபடியே போன் திரையில் டொக்டரைப் பார்த்தால் பயன் உண்டா என்று அறியும் ஆய்வொன்றுக்கு ஆள் சேர்ப்பதுதான் அப்போது என் வேலை. கிளினிக்குக்குப் போகச் சிரமப்படுபவர்கள் வேண்டும். ஆனால் வீட்டில் சிக்னல் நன்றாக இருக்க வேண்டும். கிளிநொச்சி நகரில் சிக்னல் இருந்தது. ஆட்கள் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்கராயன் கிராமத்துப் பக்கம், ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவர்கள் இருந்தார்கள், சிக்னல் இல்லை. கடைசியில் இரண்டும் ஒன்றாக அமைந்த ஒரு வீட்டைக் கண்டபோது ஸ்கூட்டியில் இருந்தபடியே கடவுளைக் கும்பிட்டேன்.

அது ஒரு வயல்காரரின் வீடு. நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தால் அவருடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். கிளினிக் நாளில் மனைவியும் ஓட்டோக்காரருமாக அவரைத் தூக்கி ஏற்றுவார்கள்.

ஒப்புதல் படிவத்தை முழுதாக வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"பிள்ளை, வீட்டுத்திட்டத்துக்குக் கையெழுத்து வைச்சன், வீடு வந்தது. மலசலகூடத்துக்கு வைச்சன், அதுவும் வந்தது. இதுக்கு என்ன வரும்?"

"டொக்டர் போனில வருவார் ஐயா. ஆனா எல்லாருக்கும் இல்லை. கொம்பியூட்டர் குலுக்கிப் போடும். பாதிப்பேருக்கு டொக்டர், மிச்சப் பேருக்கு வழமைபோல கிளினிக்."

"குலுக்கலோ?" என்று கொஞ்சம் யோசித்தார். "சரி, பேனையைத் தாங்கோ."

முடிவு சொல்லப் போன அன்று, ஸ்திரி போட்ட சேட்டோடு கதிரையில் உட்கார்ந்திருந்தார். "டொக்டருக்கு முன்னால வெறும் மேலோட இருக்கேலாதுதானே" என்றார் மனைவி. குலுக்கலில் அவருக்கு விழுந்தது வழமைப் பிரிவு.

"அப்ப எனக்கு ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு ஐயா. மாதம் ஒருக்கா நான் வந்து கேள்வி கேப்பன்."

அப்படியே போய்க் கேட்டேன். போன மாதம் போனில் எத்தனை தரம் டொக்டரோடு கதைத்தார்? ஒருதரமும் இல்லை. கிடைத்த சேவை திருப்தியா?

"மிகவும் திருப்தி எண்டு போடுங்கோ பிள்ளை. நீங்கள் இந்த வெயிலுக்க வாறியள்."

மூன்றாவது மாதம், மிஞ்சியிருந்த காலின் விரலில் ஒரு புண்ணைக் கண்டேன். எறும்பு கடித்தது என்றார்கள். ஓரம் கறுத்திருந்தது. கேள்வி கேட்பதைத் தவிர வேறொன்றும் செய்யக்கூடாது என்பது எங்கள் விதி. படம் எடுத்து ஆய்வு டொக்டருக்கு அனுப்பினேன். அவர் உடனே வீடியோவில் வந்தார். காலைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார்.

"இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

விரல் போயிற்று, கால் தப்பியது.

ஆய்வுக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். இணைப்பாளர் தலையில் கைவைத்தார். "வழமைப் பிரிவு ஆளுக்கு வீடியோவில டொக்டரைக் காட்டினால் தரவு பழுதாப் போச்சே. அவரை எடுத்துவிடுங்கோ."

எனக்குத் தெரிந்து, அந்த முறையால் கால் தப்பிய ஒரே ஆள் அவர்தான். கணக்கில் இல்லாத ஆளும் அவர்தான்.

விலகல் படிவத்தோடு போனேன். கையெழுத்து வைத்துவிட்டு, "நான் பெயிலோ பிள்ளை?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. நான்தான் பெயில்."

அடுத்த மாதமும் அந்தப் பக்கம் போனபோது அவர் வீட்டில் இறங்கினேன். கேள்வித்தாள் என் கையில் இல்லை என்று கண்டும், "மிகவும் திருப்தி எண்டு போடுங்கோ பிள்ளை" என்றார்.