ஆர்வில் சென்கிவின் தாடி

செய்தி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. கிளெம் ரூடிக் அப்போது காப்பிக் கடையில் உட்கார்ந்து, சனிக்கிழமை ஆட்டத்தில் யாரைக் கோல் காக்க நிறுத்த வேண்டும் என்று, அடுத்த மேசையிலிருந்த பயிற்சியாளர் காதில் விழும்படி பேசிக்கொண்டிருந்தார். கைபேசியில் மார்லீன், அவருடைய பழைய நண்பர் ஆர்விலின் மனைவி.

"ஆர்வில் போயிட்டாரு, கிளெம். ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சாரு. அவ்வளவுதான்."

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் அந்த ஊருக்கு இருந்த ஒரே முடிதிருத்தும் கடை ஆர்வில் சென்கிவுடையது. ஐஸ் ஹாக்கி ஆடும் பனித்தளத்துக்கு எதிர்க்கடை. ஊர் ஹாக்கி அணி கோப்பைச் சுற்றுக்குள் நுழைந்துவிட்டால், கோப்பையோடு வரும்வரை, அல்லது தோற்றுத் தொலையும்வரை, ஊரில் ஓர் ஆண் முகத்திலும் கத்தி படாது. ஏப்ரல் வந்தால் மற்றவர்களுக்குத் தாடை அரிக்கும். ஆர்விலுக்குக் கல்லா காயும். ஆனாலும் அந்த வழக்கத்தில் அவரைவிடக் கறாரானவர் கிடையாது. ஒரு வருஷம் பாதிரியார் ரகசியமாக நகரத்துக்குப் போய் மழித்துக்கொண்டு வந்தார். அணி தோற்றது. இலையுதிர்காலம் வரை ஆர்வில் அவர் பிரசங்கத்தின்போது செய்தித்தாள் படித்தார்.

வேறு விளையாட்டு எதுவும் அவர் கண்ணில் பட்டதில்லை. புதிதாக வந்த ஆசிரியை ஒருத்தி கால்பந்து அணி ஆரம்பித்தாள். பையன்கள் ஹாக்கிக் கையுறையோடு வந்து, தோளால் இடித்துத் தள்ளி விளையாடினார்கள். ஆர்வில் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "புல்லு நல்லாத்தான் இருக்கும்மா. எப்ப உறையும்?" என்று கேட்டார்.

மார்லீனுக்கு இதெல்லாம் பிடிக்காது. அவர்கள் கல்யாணமே ஏப்ரலில்தான் நடந்தது. கல்யாணப் படம் இன்னும் மேசை இழுப்பறைக்குள்தான் கிடக்கிறது.

"படத்துல காட்டுமிராண்டி மாதிரி நிக்கிறாரு," என்றாள் வெள்ளிக்கிழமை. "போறப்பவாவது மூஞ்சி தெரியட்டும். நீதான் மழிக்கணும்."

"நாளைக்கு ஜெயிச்சா கோப்பை நமக்கு. அப்புறம் மழிச்சிக்கலாமே."

"தோத்தா தொடரோட கடைசி ஆட்டம் செவ்வாய்க்கிழமை. அடக்கம் திங்கக்கிழமை. உன் தாடி உனக்கு, கிளெம். இது என் புருஷன்."

சனிக்கிழமை மத்தியானம் சவ அடக்க நிலையத்தின் பின்னறையில், ஆர்விலின் கத்தியாலேயே கிளெம் வேலையைத் தொடங்கினார். ஜன்னலோரம் ரேடியோ. நுரை பூசும்போது நம் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. வலது கன்னம் முடிந்ததும் எதிரணி சமன் செய்தது.

கிளெம் கத்தியைத் துடைத்தார். மார்லீனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன நின்னுட்ட?"

"ஒண்ணுமில்ல. கை மரத்துப்போச்சு."

"ஆர்வில் மாதிரியே பொய் சொல்ற."

கூடுதல் நேரம் போட்டார்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மார்லீன், கிளெம் மீண்டும் குனிந்தபோது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் இரு," என்றாள். அந்த நேரத்தில்தான் எதிரணி இன்னொரு கோல் போட்டு ஆட்டத்தை முடித்தது. ரேடியோக்காரன், செவ்வாய்க்கிழமை சந்திப்போம் என்றான்.

ஆர்விலின் மிச்சத் தாடியிலிருந்த நுரையை அவள் துண்டால் துடைத்தாள். "கல்யாணத்தப்பவும் கெஞ்சினேன். கேக்கல. அந்த வருஷம் கோப்பை வந்துச்சு."

"ஞாபகம் இருக்கு."

"கத்தியை மடிச்சு வை."

"பாதி மூஞ்சியோடவா, மார்லீன்?"

"தலையைச் சாய்ச்சு வைக்கச் சொல்லு. தாடிப் பக்கம் ஜனங்க பாக்கற மாதிரி. எப்படியும் சாய்ஞ்சுதான் தூங்குவாரு."

திங்கட்கிழமை வரிசையில் வந்தவர்கள் எல்லாம் அந்தத் தாடியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் முகத்திலும் அடர்த்தியாகத் தாடி இருந்தது. மாலையில் மார்லீன் கல்யாணப் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டினாள்.