முந்திப் போன கடைசி அத்தியாயம்

துப்பறியும் நாவல்கள் எழுதி நானே அச்சிட்டு விற்கிறேன். அச்சுக்கு முன் ஞாயிறுதோறும் ஓர் அத்தியாயத்தை வாசகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். பிறகு புத்தகத்தை வாங்குபவர்களும் அவர்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை, நான்காம் அத்தியாயத்துக்குப் பதில் கடைசி அத்தியாயத்தை அனுப்பிவிட்டேன். கவனித்து அழிப்பதற்குள் பலர் படித்துவிட்டார்கள். கொலைகாரன் யாரென்று தெரிந்த கதையை இனி யார் வாங்குவார்கள்?

மறுநாள் திருமுல்லைவாயில் ரயில் ஸ்டேஷனில், அந்தக் குழுவில் இருக்கும் கஸ்தூரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னாக்கா, கொலகாரன இப்பவே புட்ச்சி குட்த்துட்ட!”

“அப்போ இனிமே படிக்க மாட்டியா?”

“அவன் கெடக்கறான், உடு. சாட்சி சொல்றேன்னு ஊட்ட உட்டு ஓடியாந்துச்சே ஒரு பொண்ணு, அது இன்னா ஆச்சு? கடைசில அத்தப் பத்திப் பேச்சே இல்லியே!”

வீட்டுக்கு வந்து பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு தடயத்தையும் சரிபார்த்த நான், அந்தப் பெண்ணைப் பாதிக் கதையிலேயே மறந்திருந்தேன். புத்தகம் அப்படியே அச்சாகியிருக்கும். முடிவைத் திருத்தி எழுதினேன். குழுவிலிருந்து யாரும் விலகவில்லை.

இப்போதெல்லாம் முடிவை எழுதுவதற்கு முன், “யாரை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்?” என்று குழுவில் கேட்கிறேன். வரும் பதில்களை ஆவலோடு படிக்கிறேன். கொலைகாரன் யாரென்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.