காந்தம் இழுக்காத கறுப்பு

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் சுமை இறக்குபவர்களின் காலில் இரும்புத் துணுக்கு ஏறினால் நான்தான் வைத்தியன். காந்தம் வைத்து இழுப்பேன், ஊசியால் நெம்புவேன்.

ஒருநாள் என் தோஸ்து செல்வம் குதிகாலைக் காட்டினான். உளுந்தளவு கறுப்பு. காந்தத்துக்கு அது அசையவில்லை.

"இன்னா மாமு, வரமாட்டேங்குது? ஆஸ்பத்திரில காட்டட்டா?"

"தம்மாத்துண்டு துரு, இதுக்கு ஆஸ்பத்திரியா? கம்னு காலக் குடுறா."

மூன்று மாதம் நெம்பினேன். ரத்தம் வந்தது, கறுப்பு வளர்ந்தது.

அவன் தொடையிடுக்கில் கட்டி கிளம்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அரிய வகைத் தோல் புற்றுநோய், நுரையீரல்வரை ஓடிவிட்டது என்றார் டாக்டர். "முதல்லயே வராம, யாருய்யா இப்படிக் குத்தினது?"

"நான்தான் சார்," என்றான் செல்வம், என் முகத்தைப் பார்க்காமல்.

குத்தியவன் நான் என்று சொல்ல எனக்கு வாய் வந்தபோது, அவன் செத்து நாற்பது நாள் ஆகிவிட்டது.