கோயிலில் தொங்கிய ஐந்து துணிகள்

குவைத்தில் ஃபஹாஹீலில் ஒரு துணிக்கடையில் துணி வெட்டும் வேலையில் இருந்தேன். ஒருநாள் ஊரிலிருந்து தந்தி வந்தது. மனைவி சீரியஸ், உடனே புறப்படவும். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கணக்கர் படித்துச் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. குவைத்துக்கு வரும் தந்தியில் ஆள் இறந்திருந்தாலும் யாரும் மௌத் என்று எழுதுவதில்லை, சீரியஸ் என்றுதான் எழுதுவார்கள். அது கடையில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு அடுத்த மளிகைக்கடையில் போன் உண்டு. அன்று முழுக்க லைன் கிடைக்கவில்லை. முதலாளி டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.

கொழும்பு வழியாகத் திருச்சி. விடிகாலையில் கொழும்பில் இறங்கினோம். அடுத்த விமானம் பிற்பகலில்தான் என்றார்கள். ஏர்போர்ட்டில் அட்டை போட்டுப் பேசுகிற போன் இருந்தது. இரண்டு முறை பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். அட்டையை எங்கே வாங்குவது என்று கேட்கக் கூச்சம். போய்ச்சேர்ந்துவிட்டவளைப் பற்றிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது.

காத்திருந்தவர்களை ஊர் சுற்றிக்காட்ட விமானக் கம்பெனி பஸ் விட்டது. விமானத்தில் பக்கத்து சீட்டில் வந்த கீழக்கரை வியாபாரி என்னை விடவில்லை. அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"வாங்க காக்கா. இங்கேயே உக்காந்திருந்தா பிளேன் சீக்கிரம் வந்துருமா?"

என் கைப்பையைப் பார்த்து, "லீவுல போறவரு இப்படிக் கையை வீசிட்டுப் போறீங்களே, வீட்டுல உள்ள விடுவாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

பஸ் ஒரு பழைய புத்தர் கோயிலில் நின்றது. அங்கே இந்தக் காலத்துக் கலைஞர்களின் கண்காட்சி. சுற்றிக்காட்டிய சிங்களப் பெண் தமிழும் பேசினாள். வாசலை ஒட்டி ஆபீஸ். மேசைமேல் கறுப்பு போன். செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டேன்.

தாமரை வரைந்த பழைய கூரையின் கீழே துருப்பிடித்த சைக்கிள் சக்கரங்களை அடுக்கியிருந்தார்கள். அவள் அதற்கு நெடுநேரம் விளக்கம் சொன்னாள்.

"எங்க ஊர்ல இதை எடைக்குப் போட்டுருவோம்" என்றார் வியாபாரி.

கடைசி மண்டபத்தில் உத்தரத்திலிருந்து ஐந்து வெள்ளைத் துணிகள் தொங்கின. என்ன தோன்றுகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். ஒருவர் மழை என்றார். வியாபாரி, சலவைக்கடை என்றார். என் முறை வந்தது.

"மல் துணி. அகலம் நாற்பத்தஞ்சு இஞ்ச் பன்னா."

எல்லோரும் சிரித்தார்கள். "இவர்தான் உண்மையாப் பார்த்திருக்கார்" என்றாள் அவள்.

எங்களில் பெண் இறந்தால் உடுத்தும் கபன் துணி ஐந்து துண்டு. கடையில் எத்தனையோ முறை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். இங்கே ஐந்தும் ஒரே நீளம். கபனில் அப்படி வராது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். ஒரு போன் போடணும் என்பது தொண்டைவரை வந்தது.

"இல்லம்மா."

திரும்பும்போது ஆபீஸ் கதவு திறந்தே இருந்தது. மணி பத்து தாண்டியிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.

இரவு இஷா தொழுகை முடிந்த பிறகு ஊர் போய்ச் சேர்ந்தேன். மைத்துனர் வாசலில் நின்றிருந்தார். அன்று நடுப்பகல், லுஹர் நேரத்தில்தான் உயிர் போயிற்றாம். அதுவரை நினைவு இருந்ததாம். அடுத்த கடையில் போன் மணி அடிக்கும்போதெல்லாம் வாசல் பக்கம் பார்த்தாளாம்.

"நீங்க வர்றீங்களா இல்லையான்னே தெரியல மச்சான். பொழுது சாய்ஞ்சு மஃரிபுக்கு அப்புறம் அடக்கிட்டோம். ஒரு போன் வந்திருந்தா நீங்க வர்ற வரைக்கும் வச்சிருப்போம்."

தந்தியில் பொய் எதுவும் எழுதவில்லை. அது வந்தபோது அவள் சீரியஸாகத்தான் இருந்திருக்கிறாள்.