எலிசபெத் வீட்டுப் பழ ஈக்கள்

எலிசபெத்தின் சமையலறைக்குள் நுழைகிறவர்கள் யாரும் சொல்லாமலே மிதியடியில் காலைத் துடைத்துக்கொள்வார்கள். சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் அவள் பெயர் அப்படி. பாலசமுத்திரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மிஷன் பெண்கள் விடுதிக்கு வெங்காயம் உரிக்க வந்தவள், அதே விடுதியின் சமையல்கட்டுக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றாள். ஒருமுறை, பிள்ளைகளுக்கு வைத்த சாம்பாரில் ஒரே ஒரு ஈ விழுந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. கரண்டியால் எடுத்துப் போட்டிருந்தால் முடிந்தது. எலிசபெத் அண்டா முழுவதையும் கொட்டச் சொல்லிவிட்டு அவசரமாக ரசம் வைத்தாள். பசியோடு காத்திருந்த பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

“திட்டினா திட்டட்டும். ஈ உக்காந்தத என் புள்ளைங்க துன்னக் கூடாது” என்று சொல்லிவிட்டு, அவளும் அந்த ரசத்தையே ஊற்றிச் சாப்பிட்டாள்.

கணவர் தியோடர் ரேணிகுண்டாவில் ரயில்வே ஃபிட்டர். அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கட்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அவள் விடுதியை விட்டுப் போகவில்லை, அவர் ரயில்வேயை விட்டு வரவில்லை. உட்கார்ந்து சண்டை போடக்கூட நேரம் கிடைக்காத குடித்தனம். அதிலேயே மகள் ஜெமிமா பிறந்து, படித்து, இப்போது திருப்பதியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். போன வருடம் இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகுதான், வாரம் முழுக்க ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று புருஷனும் பெண்டாட்டியும் பழக ஆரம்பித்தார்கள்.

அது லேசாக இல்லை. தியோடர் சர்க்கரை டப்பாவை மூடினால் பாதிதான் மூடுவார். டம்ளரை எங்கே குடித்தாரோ அங்கேயே வைப்பார். ஜன்னல் மேல், மீட்டர் பெட்டி மேல், ஒருநாள் செருப்பு ஸ்டாண்டு மேல்கூட. எலிசபெத் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கழுவுவாள். “ஒண்டியா இருந்து இருந்து இந்த மனுசன் காட்டு ஆளாவே ஆயிட்டாரு” என்று ஜெமிமாவிடம் போனில் புலம்புவாள். ஆனால் மத்தியானம் அவர் சாப்பிட உட்கார்ந்து, “எலிசா, இன்னும் கொஞ்சம் கொழம்பு” என்று கேட்கிறபோது, அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் பிறந்தது. சித்தூரில் அது மாம்பழ மாசம். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு வெளியே டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்க, காற்றிலேயே இனிப்பு வாசனை அடித்துக்கொண்டிருந்தது. தியோடர் மார்க்கெட் யார்டுக்குப் போய் ஒரு கூடை பங்கனபள்ளி வாங்கிவந்து, சமையலறை மூலையில் வைக்கோல் பரப்பி அடுக்கினார். ஒன்றைத் தின்றுகொண்டே அடுத்ததை அமுக்கிப் பார்ப்பார். சாறு முழங்கை வரை வழிந்து தரையில் சொட்டும். எலிசபெத் பின்னாலேயே மாப்போடு வருவாள். அவளுக்கு முழங்கால் வலி என்று ஜெமிமா வாங்கிக் கொடுத்திருந்த, பக்கெட்டுக்குள் விட்டுச் சுழற்றிப் பிழிகிற மாப்.

ஒருநாள் காலையில் பால் காய்ச்சும்போது, மூக்குக்கு நேராக என்னவோ ஒன்று மிதந்து போனது. எள்ளளவு இருக்கும். கையை வீசினாள், காணோம். கையை எடுத்தாள், மறுபடி மிதந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. மறுநாள் தக்காளிக் கூடையில் ஒரு கூட்டம், வாழைப்பழச் சீப்பில் ஒரு கூட்டம்.

எலிசபெத்துக்கு முகம் சுண்டிப்போனது. தன் சமையலறையில், ஈ!

“ஏங்க, அந்தக் கூடை இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள்.

“அது இன்னா பண்ணிச்சி? பாவம், வைக்கோல்ல படுத்துக்கினு கீது.”

“அதுலருந்துதான் இது எல்லாம் வருது. வெளிய எடுங்க.”

தியோடர் வாதாடிப் பார்த்தார். ஒவ்வொரு பழமாக எடுத்துத் திருப்பிக் காட்டினார். எங்கேயும் ஒரு கீறல், ஒரு அழுகல் இல்லை. எலிசபெத் அசையவில்லை. கடைசியில் அவர் கூடையைத் தோளில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பாவிடம் போய்ச் சேர்த்தார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் தியோடருக்குக் கிருஷ்ணப்பா வீட்டில் பேப்பர் படிக்கிற வேலை வந்துவிட்டது. திரும்பி வரும்போது சட்டையில் மஞ்சள் கறை இருக்கும். எலிசபெத் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

கூடை போயிற்று. ஈ போகவில்லை.

ஜெமிமாவுக்குப் போன் போட்டாள். “மா, ஒரு கிளாஸ்ல கொஞ்சம் வினிகர் ஊத்து, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விடு. மேல பிளாஸ்டிக் கவர் கட்டி ஊசியால ஓட்ட போடு. உள்ள போனது வெளிய வராது” என்றாள் மகள். அப்படியே செய்தாள். காலையில் பார்த்தால் கிளாஸின் அடியில் ஈக்கள் கொத்தாகச் செத்துக் கிடந்தன. எலிசபெத்துக்கு ஒரே குஷி. ஆனால் கிளாஸுக்கு மேலே அதே அளவு கூட்டம் பறந்துகொண்டிருந்தது. பழமெல்லாம் ஃபிரிட்ஜுக்குள் போனது. குப்பைக்கூடை தெருவுக்குப் போனது. பாத்திரம் கழுவுகிற தொட்டியின் சாக்கடைக் குழாயில் சமையல் சோடாவைக் கொட்டிக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினாள். தரையை ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈ அதிகமானதே தவிரக் குறையவில்லை.

இதில் இன்னொரு தலைவலியும் சேர்ந்துகொண்டது. சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம் வருகிற சனிக்கிழமை அவள் வீட்டில். செயலாளர் மணியம்மாவுக்குப் போன் செய்து, “எனக்கு முட்டி வலி மணியம்மா, அடுத்த வாட்டி வெச்சிக்கலாமா?” என்று இழுத்தாள்.

“ஐயோ, ஞாயித்துக்கெழமயே சர்ச்சில சொல்லியாச்சே! நீ ஒண்ணும் செய்ய வேணாம், ஒக்காந்துக்கினு இரு. டீ நாங்க போட்டுக்கறோம்” என்றாள் மணியம்மா.

அவர்களே டீ போடுவார்களாம். அதாவது சமையலறைக்குள் வருவார்கள்.

வியாழக்கிழமை காலையில் அவள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு முக்காலியைச் சமையலறை நடுவில் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிட ஒன்றும் வெளியே இல்லை, துடைக்க ஒன்றும் இல்லை. இவை எங்கேயிருந்துதான் கிளம்புகின்றன, பார்த்துவிடலாம். காபிக்காக உள்ளே வந்த தியோடர் திகைத்து நின்றார்.

“இன்னா எலிசா, ஒடம்புக்கு இன்னா?”

“நகராதீங்க. அப்படியே நில்லுங்க.”

அவர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றார். இரண்டு பேரும் மூச்சு விடாத குறையாகப் பார்த்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்று எழும்பியது. சற்றுப் பொறுத்து, அதே இடத்திலிருந்து இன்னொன்று. எலிசபெத் எழுந்து கதவை இழுத்தாள். கதவுக்குப் பின்னால் இருந்தது மாப் பக்கெட். அதைக் காலால் லேசாகத் தட்டினாள். புகை கிளம்பியதுபோல் ஈக்கள் குபீரென்று எழுந்தன.

தியோடர் போய் ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்தார். பக்கெட்டைப் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, பிழிகிற கூடையை ஆட்டிப் பார்த்து, அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றினார். ரேணிகுண்டாவை விட்டு வந்த பிறகு அவர் முகத்தில் அந்த அக்கறையை எலிசபெத் பார்த்ததில்லை. கூடை கையோடு வந்தது. அதன் அடியில், வெளியிலிருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு பள்ளத்தில், மாம்பழச் சாறும் அழுக்குத் தண்ணீரும் முடியும் சேர்ந்து கூழாக நின்றது. அதில் புழு நெளிந்தது. மாப்பின் நூல்களும் ஈரம் காயாமல் புளித்த வாடை அடித்தன.

எலிசபெத் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். விடுதியில் தரைத்துணியைத் துவைத்து வெயிலில் காயப்போடாமல் யாரையும் சாப்பிட விட்டதில்லை அவள். இந்தப் பக்கெட்டைச் சுழற்றினால் தண்ணீர் போய்விடுகிறது, வேலை முடிந்தது என்று நம்பிக் கதவுக்குப் பின்னால் தள்ளியிருந்தாள்.

“இத வெச்சிக்கினுதாங்க நான் வீடு பூரா தொடைச்சிக்கினு இருந்தேன்” என்றாள் மெல்ல.

இதுதான் சமயம் என்று தியோடர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் பக்கெட்டைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மாம்பழக் கூடைய போய் எடுத்துக்கினு வாங்க” என்றாள் எலிசபெத்.

“அது வந்து... காலி ஆயிடுச்சி.”

“எல்லாத்தயுமா துன்னீங்க?”

“கிருஷ்ணப்பாவும் ஒதவி பண்ணாரு.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிருஷ்ணப்பாவின் குரல் வந்தது: “அக்கா, கொட்ட மட்டும் கீது. அது வேணுமா?”

எலிசபெத் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை.

மாப்பை வெந்நீரில் ஊறவைத்து அலசி மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டாள். மிச்சமிருந்த ஈக்கள் வினிகர் கிளாஸுக்குள் ஒவ்வொன்றாகப் போய் விழுந்தன. வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போது ஒன்றோ இரண்டோதான் கண்ணில் பட்டன. சனிக்கிழமை காலையில் அதுவும் இல்லை.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்து டீ போடச் சமையலறைக்குள் போன மணியம்மா சுற்றும்முற்றும் பார்த்தாள்.

“எலிசபெத்து, உன் வீட்ல மட்டும் எப்படி ஒரு ஈ இல்ல? எங்க வீட்ல இந்தச் சீசன்ல வாயத் தொறந்தா உள்ள பூந்துடுது. நீ ஒசத்தி தாயே.”

பேசாமல் புன்னகைத்திருந்தால் அந்தப் பெயர் அப்படியே நின்றிருக்கும். எலிசபெத்துக்கு மனசு ஒப்பவில்லை. பக்கெட்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்துக் காட்டி, மாம்பழக் கூடை நாடு கடத்தப்பட்டதிலிருந்து புழு நெளிந்தது வரை சொல்லிவிட்டாள். புழு வந்த இடத்தில் இரண்டு பேர் டீயைக் கீழே வைத்துவிட்டார்கள். அப்புறம் வீடே சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் அவரவர் வீட்டுப் பக்கெட் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“என்னுதுல அந்தத் திருகாணி எங்க இருக்குதுன்னே தெரியாதே” என்றாள் மணியம்மா. “தியோடர் அண்ணன் வந்து கழட்டித் தருவாரா?”

உள்ளறையில் ஒளிந்து உட்கார்ந்திருந்த தியோடர், “வரேம்மா, வரேன்” என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

திங்கட்கிழமை விடிந்ததும் அவர் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு கிளம்பினார். போன வீட்டிலெல்லாம் காபி, முறுக்கு, மாம்பழத் துண்டு. மத்தியானம் அவர் திரும்பி வந்தபோது எலிசபெத் சோறு பரிமாறத் தட்டோடு நின்றாள். அவருக்கு வயிறு நிறைந்திருந்தது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“கொஞ்சமா போடு எலிசா. சாயந்தரம் இன்னும் மூணு வீடு கீது.”